பாண்டிச்செல்வி சிஸ்டரின் ஃபேர் நோட்டு

மதுரையில் நர்சிங் படித்தவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கலாம். பாண்டிச்செல்வி மாதிரி நோட்டு எழுதுகிறவள் இன்னொருத்தி கிடையாது. எங்கே வேண்டுமானாலும் போய்க் கேட்டுப் பாருங்கள், மறுத்துப் பேச ஆள் வரமாட்டான். பக்கத்தின் நாலு ஓரத்திலும் பென்சில் மார்ஜின். தலைப்பு கறுப்பு ஸ்கெட்ச் பேனாவில். அதற்குக் கீழே ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு. உள்ளே நீல மையில் எழுத்து, கயிறு கட்டி நட்ட நாற்று மாதிரி வரிசை பிசகாமல் நிற்கும். காலேஜுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் மேஜையில் முதலில் எடுத்து வைப்பது அவள் நோட்டைத்தான்.

அந்தக் கையெழுத்து ஒன்றும் தானாக வந்துவிடவில்லை. அப்பனும் ஆத்தாளும் திருவாதவூரில் அடுத்தவர் வயலில் வேலை பார்த்தவர்கள். வீட்டில் படித்த வாடையே இல்லை. அரசாங்கப் பள்ளிக்கூடத்தில், "நோட்டு சுத்தமாக இருந்தால் பாதி மார்க் வந்த மாதிரி" என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியிலேயே பன்னிரண்டாம் வகுப்பு தாண்டி, நர்சிங் டிப்ளமோ தாண்டி, மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சர்ஜிகல் வார்டுக்கு வந்து சேர்ந்தாள். ஆனையூரில் சொந்த வீடு. வாசல் கல்லில் புருஷன் பேருக்கு மேலே அவள் பேர். யார் கையையும் எதிர்பார்க்காமல் வந்தவளுக்கு அந்த அளவு கர்வம் இருக்கத்தான் செய்யும், இருக்கவும் வேண்டும்.

ஆனால் கால் போய்விட்டது. இத்தனை வருஷம் வார்டில் நின்று நின்று, முட்டிக்குக் கீழே நரம்பு பச்சைப் பாம்பாய்ச் சுருண்டுகொண்டது. சாயங்காலம் ஆனால் செருப்பு கழல மாட்டேன் என்னும். வார்டு இன்சார்ஜ் ஆனால் உட்கார்ந்து பார்க்கிற வேலை. இருக்கிற இன்சார்ஜ் அம்மா அடுத்த வருஷம் ரிடையர் ஆகிறார். அந்த இடத்துக்கு டிகிரி வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். நேற்றுப் படித்து வந்த பிள்ளைகள் டிகிரியோடு நிற்கிறார்கள். அவர்களில் ஒருத்தி இன்சார்ஜாக வந்து, "சிஸ்டர், அந்த பெட் பேஷண்டைப் பாருங்க" என்று விரல் நீட்டினால் எப்படி இருக்கும்? அதற்காகத்தான் முப்பத்தேழு வயதில் மேலூர் ரோட்டுப் பக்கம் ஒரு நர்சிங் காலேஜில் டிகிரிக்குச் சேர்ந்தாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ராத்திரி டூட்டி, காலையில் காலேஜ். தூக்கம் என்பது பஸ்ஸிலும் புருஷனுடைய லோடு ஆட்டோவிலும் கிடைக்கிற பொருளாகிவிட்டது.

பாடமெல்லாம் இங்கிலீஷ். அதுவரை அது அவளுக்குப் பெரிய பாரமாக இருந்ததில்லை. பழைய டீச்சர்மார் மேஜைக்குப் பின்னால் நின்று ஒரு மஞ்சள் பாய்ந்த நோட்டை வாசிப்பார்கள். "புல் ஸ்டாப். நெக்ஸ்ட் பாரா. சைடு ஹெடிங்" என்பார்கள். வகுப்பு மொத்தமும் குனிந்து எழுதும். காதில் விழுந்தது நேரே கைக்குப் போகும், நடுவில் மண்டையில் தங்காது. ராத்திரி வீட்டில் அதை ஃபேர் நோட்டில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. பரீட்சைக்கு முன்னால் மனப்பாடம்.

இந்த வருஷம் சமூகவியலுக்கு மதுவந்தி மேடம் வந்தார். மேல மாசி வீதிக்காரப் பெண், பாண்டிச்செல்வியைவிட வயதில் சின்னவர். கையில் நோட்டு இல்லை, புத்தகம் இல்லை. பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்துகொண்டே இங்கிலீஷில் பேசினார், பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி.

முதல் நாள் பாண்டிச்செல்வி கையைத் தூக்கினாள்.

"மேடம், ஹெடிங் என்ன மேடம்?"

"நான் பேசி முடிச்சதும் நீங்களே வைங்க சிஸ்டர்."

வகுப்பே திகைத்துப்போனது. தலைப்பு இல்லாமல் பக்கத்தை எப்படி ஆரம்பிப்பது? பாண்டிச்செல்வி மேலே ரெண்டு வரி காலி விட்டாள். அந்த மொட்டைப் பக்கம் அன்றைக்கு முழுவதும் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

மதுவந்தி மேடம் டெஸ்ட் வைக்கிற விதமும் வேறு. அரை மணி நேரம் ஒரு விஷயத்தைப் பேசுவார். ஒரே தடவைதான். கேட்டுக்கொண்டே குறிப்பு எடுக்க வேண்டும். அப்புறம் போர்டில் கேள்வி எழுதுவார். குறிப்பைப் பார்த்துப் பதில் எழுதி, அந்தக் குறிப்பையும் சேர்த்துப் பின் போட்டுக் கொடுக்க வேண்டும். இதில் தேறாதவர்கள் பேர் வருஷப் பரீட்சைக்குப் போகாது.

முதல் டெஸ்டில் பாண்டிச்செல்வி ஃபெயில்.

ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டுவிட்டார் மேடம். மேஜையில் அவளுடைய தாள் விரித்துக் கிடந்தது.

"உக்காருங்க சிஸ்டர்."

"பரவால்ல மேடம்." கால் விண் விண்ணென்று தெறித்தது. ஆனாலும் உட்காரவில்லை.

"எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு. ஆனா நான் பேசினதுல கால்வாசிதான் இருக்கு. மீதி எங்க?"

"நீங்க வேகமாப் போயிட்டீங்க மேடம்."

"நான் வேகமாப் போகல. நீங்க நின்னுட்டீங்க. நான் ரெண்டாவது காரணம் சொல்லிட்டு இருக்கேன், நீங்க முதல் காரணத்துக்கு ஸ்கேல் வச்சுக் கோடு போடுறீங்க. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

"கோடு போடாம எப்படி மேடம்?"

அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை. குளிக்காமல் எப்படிக் கோயிலுக்குப் போவது என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். மேடத்துக்கு அது புரிந்திருக்க வேண்டும், சிரிக்கவில்லை.

"வர்ற வெள்ளிக்கிழமை மறுபடி வைக்கிறேன். அதுலயும் வரலேன்னா இந்த வருஷம் உங்க பேரை அனுப்ப முடியாது. எனக்கு உங்க மேல கோவமெல்லாம் இல்ல சிஸ்டர்."

"கோவம்னா பரவால்ல மேடம். காலைக் கையைப் புடிச்சுக்கிடலாம். இது ரூலால்ல இருக்கு."

வெளியே ஒச்சம்மாள் காத்திருந்தாள். பேரையூர்க்காரி, பக்கத்து பெஞ்சு, வாயைத் திறந்தால் மூடமாட்டாள். முதல் தடவையிலேயே தட்டுத்தடுமாறித் தேறிவிட்டவள்.

"என்னக்கா சொன்னாக?"

"கோடு போடாதங்குறாக."

"நெசந்தானக்கா. நீ கோடு போட்டு முடிக்கிறதுக்குள்ள நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி, வீட்டுக்குப் போயி, கறிக்கொழம்பு சாப்ட்டுத் திரும்பி அட்மிட் ஆயிருவான்."

"போடி அங்கிட்டு. உன் நோட்டைப் பாத்தா கோழி கிண்டுன குப்பை மாதிரி இருக்கு."

"கோழிக்கு எரை கெடைச்சுச்சுல்லக்கா."

பாண்டிச்செல்வி பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தாள்.

அவள் புருஷன் ராஜபாண்டிக்கு லோடு ஆட்டோ. விடியக்காலையில் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி இறக்கிவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் அவளை ஏற்றிக்கொண்டு போய்க் காலேஜில் விடுவான். விஷயத்தைக் கேட்டதும் ரொம்ப யோசிக்கவெல்லாம் இல்லை.

"போன்ல ரெக்கார்டு போட்ரு புள்ள. வீட்டுக்கு வந்து நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுது."

"டெஸ்ட்டுல போனை வாங்கி வச்சுருவாக."

"அப்ப அந்தம்மாவ மெதுவாப் பேசச் சொல்லு."

"நீ மொதல்ல வண்டிய மெதுவா ஓட்டு."

வீட்டில் போனில் இங்கிலீஷ் லெக்சர்களைப் போட்டுப் பழகிப் பார்த்தாள். வார்த்தை வார்த்தையாகக் கேட்டால் பாதிக்கு மேல் தெரிந்த வார்த்தைதான். டாக்டர்களோடு ரவுண்ட்ஸ் போகிறவளுக்கு இங்கிலீஷ் புதுசா என்ன? ஆனால் ஒரு வரியை முழுசாகப் பிடித்து எழுதி முடிக்கையில் மூன்று வரி ஓடிப்போயிருக்கும். விட்டதைப் பிடிக்கலாம் என்று நினைக்கும்போது வந்துகொண்டிருப்பதும் போய்விடும். நிறுத்தினாள், திருப்பிப் போட்டாள், மறுபடி நிறுத்தினாள். அப்படியே மேஜையில் கன்னம் வைத்துத் தூங்கிப்போனாள். எழுந்தபோது ஸ்கேலின் அச்சு கன்னத்தில் பதிந்திருந்தது. இனி என்னத்தைப் பழகி என்னத்தை எழுத என்று இருந்தது அவளுக்கு. படிப்பு வேண்டாம், பதவி வேண்டாம், ரெண்டு நாள் யாரும் எழுப்பாமல் தூங்கினால் போதும் போல இருந்தது.

மறுநாள் சாயங்காலம் டூட்டிக்குப் போனாள். வார்டில் பகல் ஆள் ராத்திரி ஆளிடம் பொறுப்பை ஒப்படைப்பதற்கு ஓவர் கொடுப்பது என்று பேர். கட்டில் கட்டிலாக நடந்துகொண்டே சொல்லுவார்கள். பகல் டூட்டி முத்துமீனாவுக்கு பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். அவள் ஓவர் கொடுத்தால் ஆட்டுக்குட்டி துள்ளின மாதிரி இருக்கும்.

"நாலாவது பெட் சுடலை, ஆப்பரேஷன் ஆகி ரெண்டாம் நாளு, பி.பி. நார்மல், கஞ்சி குடிச்சாச்சு, நல்லாத்தான் பேசுறாரு. ஆனா யூரின் கம்மிக்கா, டாக்டர்ட்ட சொல்லியாச்சு, பத்து மணிக்கு ஒருக்கா பாக்கச் சொன்னாரு. அஞ்சாவது பெட்டு டிஸ்சார்ஜ். ஆறாவது பெட்டுக்கு ட்ரிப்ஸ் பாட்டில் மாத்தணும், அவுக மக சண்டைக்காரி, பாத்துப் பேசுக்கா."

"நீ முத்துமீனாவா, எக்ஸ்பிரஸ் ரயிலா? மூச்ச விடுடி."

"மூச்ச பஸ்ல விட்டுக்கிறேன். வாரேங்க்கா."

பாண்டிச்செல்வி கையில் ஒரு கிளவுஸ் பேப்பர். கிளவுஸைச் சுற்றி வருகிற வெள்ளைத் தாளை நர்சுகள் யாரும் தூக்கிப் போடமாட்டார்கள், மடித்து யூனிஃபார்ம் பாக்கெட்டில் வைத்துக்கொள்வார்கள். அதில் அவள் போட்டிருந்தது இவ்வளவுதான்: நாலு, ஒரு துளி, கீழே பார்க்கிற அம்பு, பத்து என்று எழுதி அதைச் சுற்றி வட்டம். ஆறு, ஒரு பாட்டில் படம், பக்கத்தில் ஆச்சரியக்குறி. அந்த ஆச்சரியக்குறிதான் சண்டைக்கார மகள். பி.பி. நார்மல், கஞ்சி குடித்தார், நல்லாப் பேசுகிறார் என்பதையெல்லாம் எழுதவில்லை. "ஆனா" என்று முத்துமீனா சொன்ன இடத்தில்தான் பேனா தாளைத் தொட்டது. வார்டில் எல்லா வம்பும் அந்த "ஆனா"வுக்குப் பின்னால்தான் வரும். அது பழக்கத்தில் ஓடுகிற கை. எழுதுகிறோம் என்றே அவள் நினைத்ததில்லை. விடிந்ததும் அந்தத் தாள் குப்பைக்கூடைக்குப் போகும்.

அன்றைக்கு ராத்திரி சுடலைக்காக நாலைந்து தடவை நடக்க வேண்டியிருந்தது. காலையில் ஆட்டோவில் ஏறினதும் கண் செருகிவிட்டது. காலேஜ் வாசலில் ராஜபாண்டி உலுக்கி எழுப்ப, இறங்கி நடந்துவிட்டாள். வகுப்பில் உட்கார்ந்து காலுக்குக் கீழே கையை விட்டுத் துழாவினால் பை இல்லை. நோட்டு, ஸ்கேல், ஸ்கெட்ச் பேனா எல்லாம் லோடு ஆட்டோவில் காலி கத்தரிக்காய்ச் சாக்குகளுக்கு நடுவில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது.

மேடம் பேச ஆரம்பித்துவிட்டார். ஒச்சம்மாளிடம் தாள் கேட்கலாம், கேட்டால் சாயங்காலம் வரை அதையே சொல்லிச் சிரிப்பாள். யூனிஃபார்ம் பாக்கெட்டில் பேனாவோடு நேற்று மடித்த கிளவுஸ் பேப்பர் இன்னொன்று இருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதில் மார்ஜின் போட மனசும் வரவில்லை, ஸ்கேலும் இல்லை. அந்த அசதியில் தலைப்பும் ஞாபகத்துக்கு வரவில்லை. முத்துமீனாவிடம் ஓவர் எடுக்கிற மாதிரி, மேடத்தின் வாயைப் பார்த்துக்கொண்டே கை தன்பாட்டுக்குப் போட்டது. ஒரு வீடு. அதைச் சுற்றி நாலு புள்ளி. ஒரு அம்பு. மேடம் "பட்" என்றார், பேனா இறங்கியது. "மோஸ்ட் இம்பார்ட்டன்ட்" என்றார், ஒரு வட்டம் விழுந்தது. நடுவில் ஒரு வார்த்தை பிடிபடவில்லை. ஓவர் எடுக்கும்போது ஒரு பெட் விட்டுப்போனால் அங்கேயே நிற்க முடியுமா? இடத்தைக் காலி விட்டுவிட்டுப் போனாள். மணியடித்ததும் ஒச்சம்மாளிடம் கேட்டு நிரப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை விரித்து வைத்து ஃபேர் நோட்டு எழுத உட்கார்ந்தாள். எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. குடும்பம் எப்படிச் சின்னதாகிப்போனது, அதில் யாருக்கு லாபம், யாருக்குக் கஷ்டம், மேடம் சொன்ன உதாரணம் உட்பட எல்லாம் அந்தப் புள்ளிகளுக்கும் அம்புகளுக்கும் உள்ளே உட்கார்ந்திருந்தது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. வெட்கமாகத்தான் வந்தது. இத்தனை காலம் அழகாக எழுதினதில் ஒன்றும் உள்ளே போகவில்லை, குப்பைக்குப் போகிற தாளில் கிறுக்கினது மட்டும் போயிருக்கிறது என்றால், அப்புறம் அந்த நோட்டெல்லாம் எதற்கு? கிளவுஸ் பேப்பரைச் சுருட்டி ஜன்னலுக்கு வெளியே போட்டாள், யாரும் பார்த்துவிடக் கூடாது என்று.

வெள்ளிக்கிழமை வந்தது. அதற்கு முந்தின ராத்திரியும் டூட்டி. லீவு கேட்டாள், ஆள் இல்லை என்றுவிட்டார்கள். வகுப்பில் தேறாத ஏழெட்டுப் பேர் மட்டும். மேடம் அன்றைக்கு எடுத்துக்கொண்டது கிராமத்திலிருந்து நகரத்துக்குப் பெயர்ந்து போகிறவர்களைப் பற்றி.

பாண்டிச்செல்வி வெள்ளைத் தாளை எடுத்து வைத்து ஸ்கேலைப் பைக்குள்ளேயே விட்டாள். பெட் மாதிரி ஒன்று, ரெண்டு, மூன்று என்று நம்பர் மட்டும் போட்டுக்கொண்டாள். முதல் காரணம், நிலம் இல்லை. ஒரு சதுரம் போட்டுக் குறுக்கே அடித்தாள். ரெண்டாவது, மழை இல்லை. துளி, கீழே அம்பு. மூன்றாவது, பிள்ளைகள் படிப்பு. மேடம் இங்கிலீஷில், நிலமில்லாத கூலிக்காரர் வீட்டில் முதல் முதலாகப் படிக்கிற பிள்ளை என்று சொன்னபோது பாண்டிச்செல்விக்கு ஆத்தா ஞாபகம் வந்துவிட்டது. சேற்றில் ஊறி வெளுத்த அந்தக் கால் விரல்கள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. தன்னை உசுப்பிக்கொண்டு திரும்புவதற்குள் மேடம் நாலாவதில் இருந்தார். பதறவில்லை. மூன்றில் பாதியைக் காலி விட்டு, நாலு என்று போட்டாள். "ஹவெவர்" என்று மேடம் சொன்ன இடத்தில் காது விறைத்தது. நகரத்துக்கு வந்தவர்களுக்குக் காசு வருகிறது, ஆனால் உடம்பு போகிறது. ஒரு காலை வரைந்தாள்.

போர்டில் கேள்விகள் வந்தன. தாளைப் பார்த்தாள். பதில் எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்தத் தாள்! அடித்தலும் வட்டமும் காலும் துளியும். இதையா மேடம் கையில் கொடுப்பது? இன்ஸ்பெக்‌ஷனுக்கு வைக்கிற கையெழுத்துக்காரி, சின்னப்பிள்ளை சுவரில் கிறுக்கினதைப் பின் போட்டுக் கொடுப்பதா? கை தானாகப் பைக்குள் போய் ஸ்கேலை எடுத்தது. இன்னொரு தாள் எடுத்தாள். மார்ஜின் போட்டாள். சுத்தமாகக் குறிப்பை ஏற்றி எழுத ஆரம்பித்தாள்.

முதல் காரணத்துக்குக் கீழே கோடு போடும்போது நிமிர்ந்து பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தில் பாதி நேரம் தாண்டியிருந்தது. விடைத்தாளில் ஒரு எழுத்து இல்லை.

முன் பெஞ்சுப் பையன் ரெண்டாம் பக்கம் திருப்பினான். பாண்டிச்செல்வி ஸ்கேலைப் பார்த்தாள், கிறுக்கலைப் பார்த்தாள். அழகான தாளைக் கொடுத்தால் மேடம் மெச்சுவார், ஆனால் பேர் பரீட்சைக்குப் போகாது. பிறகு அடுத்த வருஷமும் ஆறாவது பெட்டுக்கும் பத்தாவது பெட்டுக்கும் நடுவில் இதே காலோடு நடக்க வேண்டும், அதுவும் நேற்று வந்தவள் சொல்லி. மார்ஜின் போட்ட தாளை நாலாக மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். விடைத்தாளை இழுத்துத் தலைப்பு இல்லாமல், கோடு இல்லாமல் விறுவிறு என்று எழுதினாள். எழுத்து சாய்ந்தது, வரி மேலே ஏறியது. கடைசிக் கேள்வி பாதியில் இருக்கும்போது மேடம் வந்து கையை நீட்டினார். கிறுக்கல் தாளைப் பின் போடும்போது பாண்டிச்செல்வி தலையைத் திருப்பிக்கொண்டாள்.

அன்றைக்கே திருத்திவிட்டார் மேடம். சாயங்காலம் வராந்தாவில் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், தேறிட்டீங்க. பேர் அனுப்பிடறேன்."

பாண்டிச்செல்வி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மூணாவதுல பாதி விட்டுட்டீங்க. கடைசியும் முடியல. ஆனா மீதி எல்லாம் நான் பேசின மாதிரியே இருக்கு. இந்தக் கால் படம் என்ன சிஸ்டர்?"

"கால்தான் மேடம்."

"இந்தத் தாளை நோட்டீஸ் போர்டுல ஒட்டட்டுமா? எப்படிக் குறிப்பு எடுக்கறதுன்னு மத்தவங்க பாக்கட்டும்."

"ஐயோ, வேணாம் மேடம்! நாலு பேரு பாக்குற எழுத்தா அது?" குரல் உயர்ந்துவிட்டது. "ஒட்டித்தான் ஆகணும்னா குடுங்க, வீட்டுக்குக் கொண்டுபோய் ஃபேர் பண்ணிக் கொண்டாரேன்."

மேடம் இந்தத் தடவை சிரித்துவிட்டார். "ஒட்டலை. நீங்க போய்த் தூங்குங்க."

ரோட்டுக்கு வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு ராஜபாண்டிக்குப் போன் போட்டாள்.

"பாஸ்."

"அடி சக்கை! எம்புட்டு?"

"பாஸுன்னு சொல்றேன்ல."

"மார்க்கு எம்புட்டுன்னு கேட்டேன் புள்ள."

"மேடத்துட்ட கேக்கல."

"கேக்கலயா? நீயா?"

"பஸ் வருது. இடம் இருக்கும் போல. வையி."

வைத்துவிட்டு ஏறினாள்.